கோட் எடிட்டரின் சஜஷன் பட்டியலில் வரும் குட்டி ஐகான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, பாளை, தென்காசி, அம்பைப் பக்கத்துக் கல்லூரி லேப்களில் விஎஸ் கோடைத் திறந்து உட்காரும் மாணவர்களுக்காக எழுதிய பக்கம் இது. புள்ளி வைத்ததும் விழுகிற பட்டியலில், ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் ஒரு சின்னப் படம் இருக்கும். அதைப் பற்றிய கேள்விகள்தான் இங்கே.

கேள்விக்குக் கேள்வி உதாரணம் மாறினால் தலை சுற்றும். அதனால் பெரும்பாலும் ஒரே ஒரு பைதான் ஃபைலையே எடுத்துக்கொள்கிறோம். அதில் 'அணை' என்று ஒரு கிளாஸ். அதற்குள் நீர்மட்டம் என்று ஒரு மாறி, மதகு_திற என்று ஒரு மெத்தட், மீதி_அடி என்று ஒரு பிராபர்ட்டி. கிளாஸில் இருந்து உருவாக்கிய ஆப்ஜெக்ட் பாபநாசம். அதன் உச்சமட்டம் 143 அடி. மணிமுத்தாறுக்கு 118. பைதான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதால் இந்த ஃபைல் நிஜமாகவே ஓடும். கிளாஸ், டெஃப் போன்ற கீவேர்டுகளை மட்டும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

பெயரைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்? ஐகான் எதற்கு?

பெயர் 'என்ன' என்று சொல்லும். ஐகான் 'எந்த வகை' என்று சொல்லும். வகை தெரிந்தால்தான் பெயருக்குப் பின்னால் என்ன எழுத வேண்டும் என்று தெரியும்: அடைப்புக்குறியா, சமக்குறியா, இன்னொரு புள்ளியா, ஒன்றுமே வேண்டாமா. இன்னொன்றும் சொல்லும். இந்தப் பெயரை உங்கள் புரோகிராமைப் புரிந்துகொண்ட ஒருவன் தந்தானா, இல்லை ஃபைலில் கிடந்த வார்த்தையைப் பொறுக்கிப் போட்டானா என்பது. இரண்டாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. கீழே 'ஏபிசி' ஐகான் பற்றிய கேள்வியில் விரிவாக இருக்கிறது.

ஊதா நிறத்தில் ஒரு கட்டி வருகிறதே, அது என்ன?

மூன்று பக்கம் தெரிகிற கனசதுரம். மெத்தட், ஃபங்ஷன், கன்ஸ்ட்ரக்டர் மூன்றுக்கும் விஎஸ் கோடில் இதே படம்தான். பொருள் ஒன்றுதான்: இது கூப்பிட்டால் வேலை செய்யும், கூப்பிட அடைப்புக்குறி வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இது. பாபநாசம் என்று அடித்து, புள்ளி வைத்து, பட்டியலில் மதகு_திற என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுகிறீர்கள். வரியில் வந்து உட்காருவது 'பாபநாசம்.மதகு_திற' மட்டும்தான். பைதானுக்கான பைலான்ஸ் எக்ஸ்டென்ஷன் இயல்பாக அடைப்புக்குறியைச் சேர்க்காது. இப்படியே ஓட்டினால் பைதான் எந்தப் பிழையும் சொல்லாது. அந்த மெத்தடைப் பெயரால் சுட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மதகு திறக்காது, நீர்மட்டம் குறையாது. நீங்கள் கணக்கில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஊதாக் கட்டியைப் பார்த்த கையோடு அடைப்புக்குறியைத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். அடைப்புக்குறி தானாக வர வேண்டும் என்றால், செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'கம்ப்ளீட் ஃபங்ஷன் பேரன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பைதானுக்குக் கீழே வரும் பெட்டியில் டிக் போடுங்கள்.

அடைப்புக்குறியைத் திறந்ததும் உள்ளே என்னென்ன தர வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அது மறைந்துவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்ப வரும்.

ஸ்பானர் படம் எதற்கு?

பிராபர்ட்டிக்கு. மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு இங்கே நடக்கும். நம் ஃபைலில் மீதி_அடி என்பது உள்ளுக்குள் ஒரு கணக்கு: உச்சமட்டத்தில் இருந்து நீர்மட்டத்தைக் கழிப்பது. டெஃப் போட்டுத்தான் எழுதியிருக்கிறோம். ஆனால் அதன் தலையில் பிராபர்ட்டி டெக்கரேட்டர் இருப்பதால், வெளியில் இருந்து பார்க்க அது ஒரு மதிப்பு. பட்டியலில் ஊதாக் கட்டி வராது, ஸ்பானர் வரும். அதை மதிக்காமல் அடைப்புக்குறி போட்டால் 'இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்' என்று டைப் எரர் விழும். அந்த வரியைப் பார்த்தாலே, ஸ்பானர் ஐகானுக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டோமா என்று முதலில் பாருங்கள்.

நீல நிறத்தில் இரண்டு மூன்று வருகின்றன. பிரித்துச் சொல்லுங்கள்.

இரண்டு சதுர அடைப்புக்குறிக்கு நடுவே ஒரு சின்னக் கட்டி இருந்தால் அது மாறி. செங்கல் மாதிரி ஒரு நீளக் கட்டி மட்டும் இருந்தால் ஃபீல்டு, அதாவது ஒரு ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் மதிப்பு. ஒரு சின்ன வட்டமும் அதை ஒட்டி ஒரு கோடும் இருந்தால் இன்டர்ஃபேஸ்.

மாறிக்கும் ஃபீல்டுக்கும் உள்ள வேறுபாட்டை எல்லா மொழியும் ஒரே மாதிரி காட்டாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு அர்ரேயின் லெங்த் செங்கல் ஐகானில் வரும். பைதானில் பாபநாசம்.நீர்மட்டம் மாறி ஐகானிலேயே வந்துவிடும். இதற்காகக் குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் பின்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

நான் எழுதியது ஃபங்ஷன்தான். ஆனால் ஊதாக் கட்டி வராமல் மாறி ஐகான் வருகிறதே?

ஜாவாஸ்கிரிப்ட்டாக இருக்கும், 'கான்ஸ்ட்' போட்டு ஒரு பெயர் வைத்து, அதில் அம்புக்குறி ஃபங்ஷனைப் போட்டிருப்பீர்கள். சரிதானே? அந்த மொழியின் கண்ணுக்கு அது முதலில் ஒரு மாறி. மாறிக்குள் ஃபங்ஷன் இருக்கிறது. அதனால் நீல ஐகான். ரியாக்ட் படிப்பவர்கள் இதைத் தினமும் பார்ப்பார்கள். ஆகவே 'ஊதா என்றால் அடைப்புக்குறி' என்பது நம்பத்தக்க விதி. 'நீலம் என்றால் அடைப்புக்குறி வேண்டாம்' என்பது அப்படியல்ல. சந்தேகம் வந்தால் பட்டியல் திறந்திருக்கும்போதே கன்ட்ரோல் ஸ்பேஸை இன்னொரு முறை அழுத்துங்கள். பக்கத்தில் விவரப் பெட்டி விரியும். அதில் அம்புக்குறியோடு டைப் எழுதியிருந்தால் கூப்பிட வேண்டியதுதான்.

ஆரஞ்சு நிற ஐகான்கள்?

கோடுகளால் இணைத்த பெட்டிகள் என்றால் கிளாஸ். வரிவரியாய்க் கோடு போட்ட ஏடு மாதிரி இருந்தால் ஈனம், அதாவது குறிப்பிட்ட சில மதிப்புகளுக்குப் பெயர் வைத்த தொகுப்பு. மின்னல் என்றால் ஈவென்ட். டைப்ஸ்கிரிப்ட்டில் 'டைப்' போட்டு உருவாக்கிய பெயரும் கிளாஸ் ஐகானிலேயே வரும். அதை 'நியூ' போட்டு உருவாக்கப் பார்த்தால் நடக்காது.

கான்ஸ்டன்டுக்குத் தனி ஐகான் உண்டு என்கிறார்கள். நான் தமிழில் வைத்த பெயருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நல்ல கேள்வி, தமிழில் கோட் எழுதுபவர்களுக்கு மட்டுமே வரும் கேள்வி. கான்ஸ்டன்ட் ஐகான் என்பது நடுவில் இரண்டு படுக்கைக் கோடு போட்ட ஒரு பெட்டி. பைதானில் மாறாத மதிப்பு என்று மொழியே கட்டாயப்படுத்தும் வசதி கிடையாது. பெயரை முழுக்கக் கேபிடல் எழுத்தில் எழுதினால் அது கான்ஸ்டன்ட் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வது வழக்கம். பைலான்ஸும் அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் ஐகானைத் தருகிறது. தமிழ் எழுத்தில் கேபிடல் ஏது? 'உச்சமட்டம் = 143' என்று எழுதினால் அதன் கண்ணுக்கு அது சாதாரண மாறி.

வழி இருக்கிறது. டைப்பிங் என்ற மாட்யூலில் இருந்து 'ஃபைனல்' என்பதை இம்போர்ட் செய்து, உச்சமட்டம் என்ற பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து ஃபைனல் என்று எழுதி, பிறகு சமக்குறி, 143. இப்போது இரண்டு கோடு போட்ட பெட்டி வரும். நீர்மட்டம் மாறும், உச்சமட்டம் மாறாது என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

எதை அடித்தாலும் 'ஏபிசி' என்று எழுதிய ஐகான்தான் வருகிறது. என்ன கோளாறு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஏபிசி ஐகான் என்றால் வெறும் வார்த்தை. திறந்திருக்கும் ஃபைல்களில் கிடக்கும் சொற்களை எடிட்டர் திரட்டி நீட்டுகிறது. அது மாறியா, மெத்தடா, கமெண்டில் நீங்கள் தட்டிய எழுத்துப்பிழையா என்று அதற்குத் தெரியாது. 'நீர்மட்டம்' என்பதை ஒரு இடத்தில் 'நீர்மடம்' என்று தப்பாக அடித்திருந்தால், அதையும் அழகாகப் பட்டியலில் காட்டும். நீங்களும் என்டர் தட்டுவீர்கள். தப்பு இரண்டு இடமாகும்.

ஒன்றிரண்டு ஏபிசி மற்றவற்றோடு கலந்து வந்தால் பரவாயில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் அது சகஜம். எல்லாமே ஏபிசி என்றால், உங்கள் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டிய லாங்குவேஜ் சர்வர் வேலை செய்யவில்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வலது கீழ் மூலை. அங்கே பைதான், ஜாவா என்று மொழியின் பெயர் இருக்க வேண்டும். 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று இருந்தால் ஃபைலைச் சேமிக்கவில்லை, அல்லது ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின் வருவதைத் தப்பாகப் போட்டுச் சேமித்திருக்கிறீர்கள். அந்தப் பெயரைச் சொடுக்கி மொழியை மாற்றலாம்; ஃபைல் பெயரைச் சரியாகப் போட்டுச் சேமிப்பதே நிலையான வழி.

அடுத்து எக்ஸ்டென்ஷன், அதாவது எடிட்டரில் தனியாக நிறுவும் துணை மென்பொருள். விஎஸ் கோடை நிறுவினால் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேசன் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே கூடவே புரிதல் வரும். பைதான், ஜாவா, சி, சி பிளஸ் பிளஸ் எல்லாவற்றுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். நிறம் நிறமாகக் கோட் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். நிறம் போடுவது வேறு வேலை, அது எக்ஸ்டென்ஷன் இல்லாமலும் நடக்கும்.

எக்ஸ்டென்ஷன் இருந்தும் வரவில்லை என்றால், 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று மேலேயோ கீழேயோ ஒரு பட்டை இருக்கிறதா பாருங்கள். சிநேகிதனின் பென்டிரைவில் இருந்து காப்பி செய்த ஃபோல்டரைத் திறக்கும்போது, நம்புகிறீர்களா என்று கேட்ட பெட்டியில் 'இல்லை' என்று அழுத்தியிருப்பீர்கள். அந்த நிலையில் பல எக்ஸ்டென்ஷன்கள் முழுதாகவோ பாதியாகவோ முடங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் மட்டும் நம்புங்கள்.

கடைசியாக, பொறுமை. ஜாவா எக்ஸ்டென்ஷன் புராஜெக்ட் முழுவதையும் படித்து முடிக்கும் வரை ஏபிசிதான் வரும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப் கம்ப்யூட்டரில் அது மெதுவாகத்தான் நடக்கும். கீழ்ப் பட்டையில் சுற்றிக்கொண்டிருப்பது நின்றபின் பாருங்கள்.

ஏபிசியே வேண்டாம் என்பவர்கள் செட்டிங்ஸில் 'வேர்ட் பேஸ்டு சஜஷன்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யலாம். படிக்கும் காலத்தில் அணைத்து வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. பட்டியல் காலியாக வந்தால் ஏதோ சரியில்லை என்று உடனே தெரியும். பொய்யான பட்டியல் வந்தால் தெரியாது.

லேப்பில் இன்டர்நெட் கிடையாது. எக்ஸ்டென்ஷனை எப்படிப் போடுவது?

இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரில் விஎஸ் கோடைத் திறந்து, எக்ஸ்டென்ஷன் பட்டியலில் வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்தால் 'டவுன்லோட் விஎஸ்ஐஎக்ஸ்' என்று இருக்கும். அந்த ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப் போய், லேப் கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷன் பலகத்தின் மேலே உள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கி 'இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்' கொடுங்கள். லேப்பில் விண்டோஸா லினக்ஸா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில எக்ஸ்டென்ஷன்களுக்கு ஃபைல் வேறு வேறு. இரண்டு பக்கமும் விஎஸ் கோட் பதிப்பு ரொம்பத் தள்ளியிருந்தாலும் ஏற்காது. விஎஸ் கோடின் திறந்தமூல வடிவமான விஎஸ்கோடியம் வைத்திருப்பவர்கள் பைலான்ஸுக்காக மெனக்கெட வேண்டாம். பைலான்ஸின் உரிமம் மைக்ரோசாஃப்டின் எடிட்டர்களுக்கு மட்டுமே, பைதானுக்கான இன்னொரு எக்ஸ்டென்ஷனான பைரைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஃபார்' என்று அடித்தால் இரண்டு தடவை வருகிறது. எதை எடுப்பது?

ஐகானைப் பாருங்கள். நீளமும் குட்டையுமாகக் கோடுகள் இருந்தால் கீவேர்டு. என்டர் தட்டினால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரும். கீழ்ப்பக்கம் புள்ளிக்கோடாக இருக்கும் சதுரம் என்றால் ஸ்னிப்பட்; சி, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றில் முழு லூப்பும் அடைப்புக்குறிகளோடு வந்து விழும். வந்தபின் நிரப்ப வேண்டிய இடங்களுக்கு டேப் அழுத்தி அழுத்திப் போகலாம். அந்த நிலையில் டேப் வழக்கம்போல இடைவெளி விடாது. 'டேப் வேலை செய்யலையே' என்பவர்கள் எஸ்கேப் அழுத்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும். ஜாவாவில் 'சிஸ்அவுட்' என்று அடித்து வருவதும் ஸ்னிப்பட்தான். அந்தப் பெயரில் ஜாவாவில் எந்த ஃபங்ஷனும் கிடையாது, பரீட்சைத் தாளில் எழுதிவிடாதீர்கள்.

ஸ்னிப்பட் எல்லாம் பட்டியலின் தலையில் நிற்க வேண்டுமா, அடியிலா, வரவே வேண்டாமா என்பதை 'ஸ்னிப்பட் சஜஷன்ஸ்' செட்டிங்கில் மாற்றலாம்.

அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டினால், கேட்காத வார்த்தையை உள்ளே போட்டுவிடுகிறது.

பட்டியல் திறந்திருந்தால் என்டர் என்பது 'ஏற்றுக்கொள்' என்றுதான் அர்த்தம். 'அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர்' செட்டிங்கை 'ஆஃப்' செய்துவிட்டு, ஏற்க டேப், வரி மாற்ற என்டர் என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் என்டர் தட்டாமலே, புள்ளியோ அடைப்புக்குறியோ போட்டாலும் தேர்வில் நிற்பது உள்ளே வந்துவிடும். அது கமிட் கேரக்டர். அதற்கும் தனி செட்டிங் இருக்கிறது: 'அக்செப்ட் சஜஷன் ஆன் கமிட் கேரக்டர்'.

ஏற்கெனவே இருக்கும் பெயரின் நடுவில் கர்சரை வைத்துச் சஜஷனை ஏற்றால், பழைய பெயரின் வால் ஒட்டிக்கொண்டு நிற்கும். என்டருக்குப் பதில் ஷிஃப்ட் என்டர் அழுத்தினால் வாலையும் சேர்த்து மாற்றிவிடும்.

கன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் பட்டியல் வரவில்லை. கீபோர்டு தமிழுக்கு மாறுகிறது.

லினக்ஸில் தமிழ் தட்டச்சுக்கு எஃப்சிட்எக்ஸ் வைத்திருக்கிறீர்கள். மொழி மாற்ற அது இயல்பாகப் பிடித்து வைத்திருப்பது கன்ட்ரோல் ஸ்பேஸைத்தான். எடிட்டருக்கு அந்த அழுத்தம் போய்ச் சேர்வதே இல்லை. எஃப்சிட்எக்ஸ் அமைப்பில் அந்தச் சாவியை மாற்றுங்கள். இல்லையென்றால் எடிட்டரில் கன்ட்ரோல் கே, அடுத்து கன்ட்ரோல் எஸ் அழுத்தி, 'ட்ரிகர் சஜஸ்ட்' என்று தேடி, வேறு சாவி கொடுங்கள். மேக்கில் இதே தகராறு வந்தால் ஆப்ஷன் எஸ்கேப் இருக்கிறது.

எச்டிஎம்எல்லில் ஸ்கேல் படம் வருகிறது. நான் எந்த அளவும் கொடுக்கவில்லையே?

ஸ்கேல் என்றால் 'யூனிட்' வகை. சிஎஸ்எஸ்ஸில் பிக்சல், ஈஎம் போன்றவற்றுக்கு வரும்போது பொருத்தமாக இருக்கும். எச்டிஎம்எல்லில் ஆட்ரிபியூட்டுக்குள் போடும் மதிப்புகளுக்கும் அதே வகையைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான், பொருள் தேட வேண்டாம். டேக்குகளும் எம்மெட் சுருக்கங்களும் (சில எழுத்து அடித்தால் முழு டேக்காக விரிபவை) ஸ்பானரில் வரும். 'ஆன்கிளிக்' போன்றவை ஊதாக் கட்டியில் வரும், ஏனென்றால் அங்கே ஃபங்ஷன் கொடுக்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் நிறங்களுக்கு ஐகானுக்குப் பதில் அந்த நிறமே ஒரு சின்னச் சதுரமாக வந்து நிற்கும். இது மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

இந்த வகையை யார் முடிவு செய்வது? எடிட்டரா?

இல்லை, லாங்குவேஜ் சர்வர். எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரு பொது உடன்பாடு இருக்கிறது, லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால். 2016இல் வெளியானது. அதில் சஜஷன் வகைகள் 25. வார்த்தை 1, மெத்தட் 2, ஃபங்ஷன் 3, கன்ஸ்ட்ரக்டர் 4 என்று தொடங்கி டைப் பாராமீட்டர் 25 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். சர்வர் பெயரையும் எண்ணையும் அனுப்பும். எண்ணுக்கு ஏற்ற படத்தை எடிட்டர் வரையும். மொழிக்கு மொழி ஐகான் முரண்படுவது இதனால்தான்: ஃபீல்டு என்று அனுப்புவதா மாறி என்று அனுப்புவதா என்பது அந்தந்த சர்வரை எழுதியவர்கள் எடுத்த முடிவு.

எக்லிப்ஸிலும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலும் படமே வேறாக இருக்கிறதே?

ஆம். எக்லிப்ஸில் நிறமும் வடிவமும் அனுமதியைச் சொல்லும்: பச்சை வட்டம் பப்ளிக் மெத்தட், சிவப்புச் சதுரம் பிரைவேட், மஞ்சள் டைமண்ட் புரடெக்டட், நீல முக்கோணம் எதுவும் குறிப்பிடாதது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் வட்டத்துக்குள் எழுத்து இருக்கும்: மெத்தடுக்கு எம், ஃபீல்டுக்கு எஃப், கிளாஸுக்கு சி. விஎஸ் கோட் ஐகான் பப்ளிக்கா பிரைவேட்டா என்று சொல்லாது. எக்லிப்ஸில் இருந்து வருபவர்கள் அதை இங்கே தேட வேண்டாம்.

பெயரின் மேல் குறுக்குக் கோடு, நட்சத்திரம், சாம்பல் எழுத்து: இவை?

குறுக்குக் கோடு என்றால் இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த நூலகத்தை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்; வேலை செய்யும், ஆனால் புதுக் கோடில் எழுதாதீர்கள். பெயருக்கு முன் நட்சத்திரம் இருந்தால், இந்த இடத்தில் இது அதிகம் வரும் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. கர்சருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் வரி வரியாக நீள்வது ஏஐ ஊகம். அதற்கு ஐகானே கிடையாது. அதாவது வகை தெரிந்த சர்வர் தந்தது அல்ல. அதில் வரும் மெத்தட் பெயர் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பெயரை அழித்துவிட்டுப் புள்ளி வைத்துப் பாருங்கள். பட்டியலில் ஊதாக் கட்டியோடு வந்தால் இருக்கிறது.

ஐகான் ரொம்பச் சின்னது, நிறமும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

'சஜஸ்ட் ஃபான்ட் சைஸ்', 'சஜஸ்ட் லைன் ஹைட்' இரண்டையும் செட்டிங்ஸில் கூட்டுங்கள். பட்டியல் மட்டும் பெரிதாகும், கோட் அப்படியே இருக்கும். நிறம் தீமுக்குத் தீம் மாறும், வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் திருத்தப்படும். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கனசதுரம், ஸ்பானர், ஏபிசி இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று குழம்பவே குழம்பாது.

நிதானமாகப் பார்த்துப் பழக, கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அழுத்துங்கள். ஃபைலில் உள்ள கிளாஸ், மெத்தட், மாறி எல்லாம் இதே ஐகான்களோடு பட்டியலாக வரும், நீங்கள் மூடும்வரை நிற்கும்.